மழைத்தண்ணீரில் உப்பு

காலை 10.20. புத்தளத்திலிருந்து புறப்பட்டு, எலுவன்குளம் தாண்டி, பழைய மன்னார்ப் பாதையில், காட்டுக்கு நடுவே கார் நின்றுவிட்டது. பொனட்டின் இடுக்கால் ஆவி கிளம்பியது.

சாரதி ஜவ்பர் திறந்து பார்த்தான். எஞ்சினைக் குளிர வைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி காலி. அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

“அல்லாஹ்வே! நேத்து மாத்தின தாங்கி!”

பின்சீற்றில் ஸுலைஹா மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள். உள்ளே மௌத்தாகிப்போன கணவரின் காணி உறுதிப்பத்திரம். தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வரும்போது அவள் கொண்டுவந்தது அது ஒன்றுதான். இன்று மூன்று மணிக்குள் மன்னார்க் காணிக் கந்தோர் அதிகாரியிடம் அதைக் காட்டாவிட்டால் காணி போய்விடும். இருபத்திரண்டு வருடம் புத்தளத்தில் காத்திருந்தது இந்த 2012இன் ஒரு நாளுக்காக.

கைபேசியில் சிக்னல் இல்லை. முன்னால், பாதையை மறித்து ஓர் ஒற்றை யானை. நடந்து போகவும் வழியில்லை.

“ஓட்டைத் தாங்கியப் போட்டுட்டுக் கதையப் பாரு,” என்றான் பக்கத்திலிருந்த லாபிர். ஸுலைஹாவின் கணவரின் தம்பி. உப்பளத்தில் வேலை. “மதினி, இவன் யாருட்டயோ காசுக்குக் கைநீட்டிட்டான். எலுவன்குளத்துல பொனட்டத் திறந்தது இவன்தானே?”

“தண்ணி பாக்கத் திறந்தன். நிறைஞ்சு கிடந்திச்சு.”

“நிறைஞ்சு கிடந்தா இப்ப எங்க போன? யானை குடிச்சதா?”

முன்சீற்றிலிருந்து, சேவையிலிருந்து இளைப்பாறிய பொலிஸ் சார்ஜன் ஹயாத்து முகம்மது இறங்கினார். காணிக்குச் சாட்சி சொல்ல வந்தவர். யானையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாங்கிக்குக் குனிந்தார்.

வெடிப்பின் ஒரு நுனி கூராக முடியவில்லை. அங்கே ஆணி பருமனில் ஒரு துவாரம். விளிம்பு உருகி வழவழப்பாக இருந்தது. துவாரத்திலிருந்து கீழே, சூட்டில் காய்ந்த ஒரு வெள்ளைக் கோடு.

“நேத்துக் கார் எங்க நின்ட?”

“லாபிரும் அவர்ட மதினியும் இரிக்கிற வீட்டு வளவுல. நான் மதுரங்குளிக்குப் பஸ்ஸுல போயிட்டன்.”

“காலைல?”

“ஆறு மணிக்குத் தண்ணி பாத்தன். ஒரு சொட்டும் குறையல்ல.”

“என்ன தண்ணி?”

“மழைத்தண்ணி சார்ஜன். புத்தளத்துக் கிணத்துத் தண்ணிய ஊத்தினா உள்ளெல்லாம் அரிச்சுப் போடும். பீப்பாயில பிடிச்சு வெச்சுத்தான் ஊத்துவன்.”

சார்ஜன் வெள்ளைக் கோட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

காலை 10.45. காருக்குள் காற்று அடைத்தது. யானை அசையவில்லை.

“ஓட்டை நேத்தே போட்டாச்சு,” என்றார் சார்ஜன். “பழுக்கக் காய்ச்சின ஆணியால.”

லாபிர் சிரித்தான். “ராவு போட்ட ஓட்டையில காலைல தண்ணி நிக்குமா? பொலிஸ்ல இதத்தானா படிச்சீங்க?”

“நிக்கும், அடைச்சு வெச்சா. அடைப்புத் தண்ணியில கரையிற சாமானா இருந்தா, பச்சத்தண்ணியில மெல்லக் கரையும், எஞ்சின் கொதிக்கக் கொதிக்கக் கடகடண்டு கரையும். எலுவன்குளம் வரைக்கும் தாங்கிச்சு. பிறகு காடு.” விரலைக் காட்டினார். “உப்பு. மழைத்தண்ணியில உப்பு எங்கால?”

“உப்பு எல்லாற்ற குசினி அடுப்படியிலயும் இரிக்கு,” என்றான் லாபிர்.

“தூளுப்பு ஒரு நிமிஷம் நிக்காது. உப்பளப் பாத்திட அடியில கல்லாட்டம் இறுகின கட்டியச் செதுக்கி ஆப்பு அடிச்சு, வடிஞ்ச தண்ணியத் திரும்ப ஊத்திரிக்கு. அது கடையில விக்கிறதில்ல லாபிர். ராவு அந்த வளவுல ரெண்டே பேர். ஒராள் இந்தக் கந்தோருக்கு இருபத்திரண்டு வருஷமாக் காத்திருக்கிற பொம்பிள.”

லாபிரின் சிரிப்பு நின்றது. கதவைத் திறந்தான். யானை காதை விரித்தது. மூடிக்கொண்டான்.

“மௌத்தான என்ட நானாட உறுதி தொலைஞ்சிட்டெண்டு எழுதிக் குடுத்துட்டன், மதினி,” என்றான் தரையைப் பார்த்து. “காணிய என்ட பேருல கேட்டிருக்கன்.”

ஸுலைஹா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஜவ்பர், தாங்கிய ஒட்டேலுமா?”

ஏலும். ஜவ்பர் திருப்புளியை லைற்றரில் சூடாக்கினான். பின்பெட்டியில் கிடந்த உடைந்த பிளாஸ்டிக் வாளியின் துண்டொன்றை உருக்கித் துவாரத்திலும் வெடிப்பிலும் அப்பினான். அங்கேயே வைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றினான். 11.50க்கு யானை காட்டுக்குள் போனது.

பிற்பகல் 2.35. கந்தோர். அதிகாரி உறுதியை விரித்தார். கோப்பிலிருந்து இன்னொரு விண்ணப்பத் தாளையும் எடுத்தார்.

“இந்தக் காணிக்கு வேற ஒராளும் கேட்டிரிக்காரே?”

ஸுலைஹா பேனையை எடுத்து லாபிரின் முன்னால் வைத்தாள்.

“அவரு வந்திருக்காரு சேர். அந்தத் தாள வெட்டிட்டுக் கையெழுத்து வைப்பாரு.”