இடது முன் சக்கரத்தில் ஒரு முனகல்

மழை பிடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடலாம் என்று அவள் ஆஸ்பத்திரியிலிருந்து மதியமே கிளம்பி வந்தாள். தம்பியின் ஒர்க்‌ஷாப்பில் பகலிலும் பாதி இருட்டு. தகரக் கூரை, கிரீஸ் வாசனை, மூலையில் எரியாத ஒரு ட்யூப் லைட். அவளுடைய சாம்பல் நிறக் கார் கழுவித் துடைத்து வாசலைப் பார்த்து நின்றது.

“இடது பக்கம் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ் எல்லாம் புதுசுக்கா. இனிமே தொட்டில்ல போற மாதிரி இருக்கும்,” என்றான் தம்பி.

“நீ தொட்டில்ல படுத்த லட்சணத்தை நான் பார்த்திருக்கேன். தெருவையே எழுப்பி உட்கார வைப்பே.”

அவன் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான். அவனுக்கு முதல் ஸ்பேனர் செட் வாங்கித் தந்தவள் அவள்தான். அவள் கணவர் இறந்தபோது போலீஸ், ஆஸ்பத்திரி, சுடுகாடு என்று எல்லா இடத்துக்கும் அலைந்தவன் அவன். கால்வாய்ப் பாலத்துத் திருப்பத்தில் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே போயிருந்தது. “மாமா அசந்து தூங்கிட்டாருக்கா,” என்று அவன்தான் வந்து சொன்னான். நசுங்கிய வண்டியை அவள் பார்க்கவே இல்லை. அதை உருக்கக் கொடுத்துவிட்டதாகவும் அவனே சொன்னான்.

தூங்கிவிட்டார். தன்னைத் தனியாக விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தூங்கிவிட்டார். அவர் மேல் அவளுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியபோதுதான் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது.

க்ரீ... ச்.

மெல்லிய சத்தம்தான். அவள் பிசியோதெரபிஸ்ட். தேய்ந்த மூட்டு படியேறும்போது எப்படி முனகும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படித்தான் இருந்தது. பாரம் தாங்காத மூட்டின் முனகல்.

போனில் கேட்டதற்குத் தம்பி, “புது ரப்பர்க்கா. ஓட ஓடப் பழகிடும்,” என்றான். அந்த வார்த்தைகளை எங்கோ கேட்டது போல இருந்தது. எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சத்தம் பழகவில்லை. வளர்ந்தது. வளைவுகளில் கேட்டது, பிரேக் போட்டால் கேட்டது. ஒருநாள் காலை ஆஸ்பத்திரியின் தரைத்தளப் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். கான்கிரீட் தூண்களுக்கு நடுவே ஓர் ஈரக் குளிர். எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கார் மெல்ல இடது பக்கம் தாழ்ந்தது.

க்ரீ... ச்.

யாரோ ஏறி உட்கார்ந்தது போல.

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து இருக்கை காலி. பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. நாள்பட்ட பாசியின் வாசனை மட்டும் காருக்குள் மெதுவாகப் பரவியது. அவள் கதவைத் திறந்து வெளியே விழாத குறையாக இறங்கினாள். முதுகுக்குப் பின்னால் வண்டி இன்னொரு முறை முனகி நிமிர்ந்தது.

அவரும் இறங்கிவிட்டார்.

‘அவர்’ என்று ஏன் நினைத்தோம் என்று அன்று முழுக்க அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

தம்பி வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தான். வளைவெல்லாம் ஒடித்தான், வேகத்தடையில் ஏற்றி இறக்கினான். பின்சீட்டில் இருந்த அவளுக்கு ஒவ்வொரு முறையும் கேட்டது. அவன் தலையசைத்தான்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேக்கா.”

ஆனால் அவன் காதோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அன்று மாலை தம்பியின் மனைவி போன் செய்தாள். குரலில் தேன் கொஞ்சம் அதிகம்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இவர் ரொம்பக் கவலைப்படறார். இல்லாத சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்குதாமே? ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துடலாமா?”

அவள் போனை வைத்தாள். கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று சொன்னவன், வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறான்.

ஆஸ்பத்திரி டிரைவர் ஒருவர் ஊருக்கு வெளியே இருந்த இன்னொரு மெக்கானிக்கைக் கைகாட்டினார். உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் எல்லோரும் அவரை ஒட்டடை என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தார். வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவர், “கேக்குது மேடம். நல்லாவே கேக்குது,” என்றார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லிப்டில் வண்டி மேலே ஏறியது. நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கின. ஒட்டடை கீழே நின்று இடது சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், கம்பி கொடுத்து நெம்பினார். “எல்லாம் டைட்டாத்தான் இருக்கு. எங்கயும் ஆட்டம் இல்லையே...” என்று கையை எடுத்தார்.

தொங்கிக்கொண்டிருந்த இடது சக்கரம் தானாக மேலே எழும்பியது.

ஸ்பிரிங் அமுங்கியது.

க்ரீ... ச்.

ஒட்டடை இரண்டடி பின்வாங்கினார்.

“மேடம், நீங்க வெளிய நில்லுங்க,” என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

“நீங்க?”

“நானும்தான் வரேன்.”

வெயிலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்கு மறுபடி உள்ளே போகத் தைரியம் வந்தது. டார்ச் அடித்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த லோயர் ஆர்மைத் துணியால் அழுத்தித் துடைத்தார். கருப்பு பெயின்ட் வெந்த தோல் போல உரிந்து வந்தது. அடியில் துரு. துருவின் மடிப்புகளில் பச்சைப் பாசி. அது இன்னும் ஈரமாக இருந்தது.

“புதுசுன்னா சொன்னாங்க? இது தண்ணிக்குள்ள கிடந்த சாமான். இதோ பாருங்க, பால் ஜாயின்ட்ங்கிற இந்த மூட்டு உட்கார்ற ஓட்டை முட்டை மாதிரி நீண்டுபோய்க் கிடக்கு. நட்டை முறுக்காம விட்டு, லூசாவே ரொம்ப நாள் ஓடியிருக்கு. கழண்டுச்சுன்னா சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்தான்.” அவர் நெற்றியைச் சுருக்கினார். “ஆனா இந்த ஓட்டையில ஜாயின்ட் நிக்கவே நிக்காதே. இவ்வளவு நாள் எப்படி ஓட்டினீங்க?”

அவள் கணவரின் காரும் இதே மாடல்தான். நிறம் மட்டும் வேறு. சாவதற்கு முந்தைய வாரம் சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னது இப்போது திடீரென்று காதில் ஒலித்தது. ‘உன் தம்பி கைவெச்சதுல இருந்து இடது பக்கம் முனகுது. கேட்டா, ஓட ஓடப் பழகிடும்ங்கிறான்.’

ஒட்டடை அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை அவள் கண்முன்னாலேயே மாட்டினார். பழையதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவள் நேராகத் தம்பியிடம் போனாள். வழியெல்லாம் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் தனியாக இருந்தான். அவள் சாக்கை மேஜை மேல் வைத்து விரித்தாள்.

தம்பியின் முகம் வெளுத்துப்போனது.

“இது... இது எங்க கிடைச்சுது?”

“என் வண்டியில.”

“இல்லக்கா. சத்தியமா உன் வண்டிக்குப் புதுசுதான் போட்டேன். என் கையால பிரிச்சு மாட்டினேன். இது எப்படி வரும்? இதை நான் கிணத்துல போட்டேனே!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

“எதைக் கிணத்துல போட்டே?” என்று அவள் மிக மெதுவாகக் கேட்டாள்.

ஒர்க்‌ஷாப் பின்புறத்தில் மூடிக் கிடந்த பாழுங்கிணற்றின் பக்கம் அவன் பார்வை தன்னையறியாமல் போய் வந்தது.

“மாமா வண்டியைப் பார்த்த அன்னைக்கு ரொம்ப வேலைக்கா. ஒரு நட்டு... முறுக்கினதாத்தான் நினைச்சேன். மாமா வந்து சத்தம் கேக்குதுன்னு சொன்னப்போகூட நான் பார்க்கலை. அப்புறம், நசுங்கின வண்டியைச் சோதிக்க ஆளுங்க வர்றதுக்குள்ள... இதைக் கழட்டிட்டேன்.”

“அவர் தூங்கலை.”

“அக்கா...”

“அவர் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். கடைசி வரைக்கும் ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டியிருப்பார். நான் இத்தனை நாளா செத்தவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உட்கார்ந்து என் கண்ணைத் துடைச்சு விட்டே.”

அவன் அவள் காலைப் பிடிக்கக் குனிந்தான். அவள் நகர்ந்துகொண்டாள்.

“போலீஸ்ல நீயே போய்ச் சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன். ஒட்டடையும் வந்து சொல்வார்.”

அவள் வெளியே நடந்தாள். பின்னால் சாக்கு உரசும் சத்தம். அவன் அந்த இரும்பை வாரி எடுத்துத் தன் புது காரின் டிக்கியில் வீசினான். எங்கே கொண்டுபோகிறான்? எந்தக் கிணறு, எந்த ஆறு? அவள் தடுக்கவில்லை. போட்ட இடத்தில் அது கிடக்காது என்று இருவருக்குமே தெரியும்.

வாசல் கேட்டருகே அவன் கார் அவளை ஒட்டி வந்து தயங்கியது. கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளிருந்து விடாமல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

பீப். பீப். பீப்.

டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு மினுங்கியது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து, பெல்ட் போடாவிட்டால் எரியும் விளக்கு.

இருக்கை காலியாக இருந்தது. அதன் மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

தம்பி அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “அக்கா,” என்றான், சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து கூப்பிடுவானே, அதே குரலில். “அக்கா, ஏறிக்கோயேன்.”

அவள் அசையவில்லை.

டக் என்று எங்கோ ஒரு பெல்ட் பூட்டிக்கொண்டது. சத்தம் நின்றது.

அவனுடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல்தான் இருந்தன.