மிருதுளா ஏற்றாத விளக்கு

அப்பா முதலில் எழுவார். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுவார். குக்கர் வைப்பார். பிறகு மிருதுளாவை எழுப்புவார். அதற்குள் ரஞ்சனா அக்கா ஏரிக்குக் கிளம்பியிருப்பாள்.

கொல்கத்தாவின் கிடர்பூரில், துறைமுக ஊழியர் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீடு. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு அப்பா அதிகம் பேசுவதில்லை. மகள்களின் டிபன் டப்பாக்களை மட்டும் மூடிய பிறகு ஒருமுறை திறந்து பார்ப்பார்.

அக்கா ஜாதவ்பூரில் கல்லூரியில் படிக்கிறாள். டாகுரியா ஏரியில் படகுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். நான்கு பெண்கள் சேர்ந்து துடுப்புப் போடும் படகு.

அன்று சாயங்காலம் சாமி விளக்கை ஏற்ற அக்கா தீப்பெட்டியை எடுத்தாள். மிருதுளா குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னிக்கு நான்தான்."

"ஏண்டி? நகரு."

"எப்பப் பாரு நீயே ஏத்தற. என் முறை வரவே மாட்டேங்குது."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா வைத்தது. மாதவிடாய் நாட்களில் அக்கா விளக்கைத் தொடமாட்டாள், மிருதுளா ஏற்றுவாள். தீக்குச்சி உரசுவது என்றால் மிருதுளாவுக்குக் கொள்ளை ஆசை. கடைசியாக அவள் ஏற்றியது துர்கா பூஜை விடுமுறைக்கு முன்னால். இப்போது ஸ்வெட்டர் போடும் காலம் வந்துவிட்டது.

"அம்மா சொன்ன ரூலை நீ மீறற. ஏமாத்துக்காரி!"

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அப்பா உள்ளே இருந்தார்.

"கத்தாதே. நான் ஏமாத்தல. வரல, அவ்வளவுதான்."

"எது வரல?"

"பீரியட்ஸ்தான். நின்னுபோச்சு. எனக்கு அது நல்லதுதான். தண்ணியில இருக்கும்போது தொந்தரவு இல்ல."

மிருதுளா தீப்பெட்டியை மறந்துவிட்டாள்.

போன வாரம்தான் டாக்டர் ஆமினா அவள் பள்ளிக்கு வந்து ஆறாம் வகுப்புப் பெண்களிடம் பேசினார். மாதவிடாயைக் கவனித்தால் உடம்பு முழுவதும் எப்படி இருக்கிறது என்று ஓரளவு தெரியும் என்றார். சாப்பாடு, தூக்கம், கவலை எல்லாமே அதில் தெரியுமாம். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாக வரலாமாம். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது நின்றுபோனால் சும்மா இருக்கக் கூடாதாம்.

மிருதுளா அக்காவை உற்றுப் பார்த்தாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிற அக்கா. புழுக்கமான நாளிலும் குளிருது என்று மின்விசிறியை அணைத்த அக்கா. சீப்பு நிறைய முடி.

"அக்கா, டிபன் டப்பாவை காலி பண்றது யாரு? நீயா?"

அக்கா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். "கூடத் துடுப்புப் போடற ஸ்னேகா சாப்பிடுவா" என்றாள். "எங்க படகுல யாரும் எடை ஏறக்கூடாதுடி. ஏறினா வேற பிரிவுக்குத் தள்ளிடுவாங்க. அடுத்த மாசம் போட்டி. அப்பாகிட்ட சொல்லிடாதே. படகே வேண்டாம்னுடுவார்."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க படகுக்குள்ள தண்ணி வருதுன்னு வை. போட்டி வருதேன்னு உங்க கோச்சுகிட்ட மறைப்பியா?"

"அது எப்படி மறைக்க முடியும்? நாலு பேரும் முழுகிடுவோம்."

மிருதுளா அக்காவின் வயிற்றை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"வக்கீல் மாதிரி பேசாதே" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை.

"சனிக்கிழமை ஆமினா டாக்டர் கிளினிக்ல இருப்பாங்க. நானும் வரேன். ஊசின்னா உன் கையைப் பிடிச்சுக்கறேன்."

"ஊசின்னா அழறது நீ!"

"அதான். நான் அழுதா உனக்கு சிரிப்பு வரும்ல?"

சனிக்கிழமை டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். எல்லாம் சாப்பாட்டைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, பயிற்சியைப் பற்றி. பிறகு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"வேற காரணம் இருக்கான்னு இதுல தெரியும்" என்றார். "ஆனா நீ துடுப்புப் போடறதுக்குத் தக்கபடி சாப்பிடல. அதனால உடம்பு செலவைக் குறைக்குது. முதல்ல பீரியட்ஸை நிறுத்தியிருக்கு. அடுத்து எலும்புல கைவைக்கும்."

"போட்டி?" என்றாள் அக்கா. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"இந்தப் போட்டி கஷ்டம்தான். படகு எங்கேயும் போகாது. சாப்பிட்டு உடம்பு தேறினதும் ஏறு. கோச்சுக்கும் வீட்டுக்கும் நீயே சொல்லணும்."

வெளியே வந்ததும் அக்கா அழுதாள். மிருதுளா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அதில் சாக்லேட் ஒட்டியிருந்தது. அக்காவின் மூக்கில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. மிருதுளா அதைச் சொல்லவில்லை. துடைத்துவிட்டாள்.

வீட்டில் அப்பா அரிசி களைந்துகொண்டிருந்தார். அக்கா வாசற்படியிலேயே நின்றாள். மிருதுளா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா" என்றாள் அக்கா. "எனக்குக் கொஞ்ச மாசமா பீரியட்ஸ் வரல. டாக்டரைப் பார்த்தோம். நான் சரியா சாப்பிடலப்பா. படகுக்காக."

அப்பா குழாயை மூடினார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"டாக்டர் படகை விடச் சொன்னாங்களா?"

"இப்போதைக்கு. உடம்பு தேறினதும் போகலாமாம்."

"அப்போ தேறினதும் போ."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கோச்சுகிட்ட பேசும்போது நானும் வரேன்" என்றார் அப்பா. "இந்த மாதிரி விஷயம் எனக்குப் பேசத் தெரியாதும்மா. ஆனா நீ சொன்னா கேட்டுப்பேன்." அவள் பக்கம் ஓர் அடி வைத்தார். "இப்ப உடம்புக்கு என்ன பண்ணுது?"

அக்கா சின்னக் குழந்தை மாதிரி சொன்னாள்.

"பசிக்குதுப்பா."