கங்கு கேட்டு வந்தவள்

ஈரக் கொட்டாங்கச்சியில் நெருப்புக் கங்கு போட்டால் சுர்ரென்று சத்தம் வரும். அந்தப் புதன்கிழமை வரவில்லை. முத்தையன் அதைக் கவனித்தான், ஆனால் நின்று யோசிக்கவில்லை.

விளக்கு வைத்த நேரம். மார்கழிப் பனி வாசல்வரை வந்து நின்றது. அதற்குள்ளே முக்காடு போட்டுக்கொண்டு லோகாம்பாள் நின்றாள். கொட்டாங்கச்சியை நீட்டிய கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தம்பி, ரெண்டு கங்கு போடு. குளுரு தாங்கல."

"எப்பக்கா வந்தீங்க? மக வீட்டுல இன்னும் கொஞ்ச நாளு இருப்பீங்கன்னு அஞ்சுகம் சொன்னிச்சே."

அவள் கொட்டாங்கச்சியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். பிள்ளை பெற்ற வீட்டு நெருப்பை வெளியே கொடுக்கக் கூடாது, அதிலும் விளக்கு வைத்த பிறகு கொடுக்கவே கூடாது என்பது முத்தையனுக்குத் தெரியாததல்ல. ஆனால் கேட்பது யார்? அவன் மனைவி அஞ்சுகம் பெற்ற மகளைக் கையில் ஏந்தி எடுத்து, தொப்புள் கொடி அறுத்துக் குளிப்பாட்டியவள். புயலில் கூரை பறந்துபோய், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலு கீற்றை முட்டுக்கொடுத்துக் கிடந்தவள், பிரசவம் பார்த்து முடித்த பிறகுதான் போலகத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். ஊரில் தீப்பெட்டியெல்லாம் நமுத்துக் கிடக்கும்போது அவளுக்கு இல்லையென்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. போட்டான்.

அன்றைக்குக் கணப்புச் சட்டி சீக்கிரமே அவிந்தது.

வயலெல்லாம் தண்ணீர் நின்றதால் நெரவி ஊரில் யாருக்கும் வேலையில்லை. அந்த வாரம் முழுக்க முத்தையன் வீட்டிலேயே கிடந்தான். மாமியார் உயிரோடு இல்லை, அதனால் கஞ்சி வைப்பது, துணி அலசுவது, உமியைப் போட்டுக் கணப்பை மூட்டி அஞ்சுகத்தின் கட்டிலடியில் வைப்பது எல்லாம் அவன்தான். பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். சாயங்காலமானால் லோகாம்பாள் வருவாள், கங்கு வாங்குவாள், பனிக்குள் போவாள். அவள் போனபின் கணப்பு முன்னைவிடச் சீக்கிரம் அடங்கும், பிள்ளையின் கால் முன்னைவிடச் சில்லென்று இருக்கும். உமிதான் ஈரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் டீக்கடைக்குப் போனான். காரைக்கால் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் உத்திராபதி அங்கே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு அதிசயம் சொல்றேன், கேளுங்க."

"ஒன் அதிசயத்துக்கெல்லாம் சும்மா டீ தர ஆவாதுடா" என்றார் கடைக்காரர்.

"டீ வேணாம். நம்ம லோகாம்பா அக்கா போலகத்துல போய்ச் சேந்துட்டாங்க. செவ்வாக்கிழமையே. ரோட்டுல தண்ணி நின்னதால நமக்குச் சொல்லி அனுப்பல. அது இல்ல அதிசயம். கொள்ளி வச்சா பத்தலயாம். சீமெண்ணெய் ஊத்துனா எண்ணெய்தான் எரியுது. ஒடம்புல சூடே ஏறலன்னாங்க. இருட்டுனதும் மேல சேத்தப் பூசிட்டு வந்துட்டாங்க. இன்னும் அப்புடியேதான் கெடக்குதாம்."

"பொறுமைசாலி. போறதுக்கும் அவசரமில்ல பாரு" என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஊருக்கெல்லாம் வெந்நி வச்ச கை. தனக்கு ஒரு நெருப்புக் கெடைக்கல" என்றான் உத்திராபதி.

முத்தையன் கையிலிருந்த கிளாஸ் ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டு எழுந்து நடந்தான்.

வழியெல்லாம் அஞ்சுகத்திடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பச்சை உடம்புக்காரியிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது, பால் கட்டிவிடும். வாய்வரை வந்ததை விழுங்கினான்.

"ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. குளுரு."

பொழுது இறங்குமுன் படலைச் சாத்திக் கயிற்றால் கட்டினான். பனி கீற்று இடுக்கு வழியாக உள்ளே வந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு எல்லாம் ஒன்றாக நிறுத்தின. சேற்று வாடை. அதோடு சீமெண்ணெய் வாடை.

"தம்பி. ரெண்டு கங்கு போடு."

படல் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"விளக்கு வச்சாச்சுக்கா. இனிமே குடுக்க முடியாது. நீங்க போயிடுங்க."

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வெகுநேரம் காத்திருந்தான். கணப்பு சாம்பல் பூத்தது. பிள்ளை சிணுங்கியது. கொல்லையில் கூரை இறவாணத்தில் சொருகிய காய்ந்த பனைமட்டை இருந்தது. எட்டி உருவ எவ்வளவு நேரமாகிவிடும்? ஓடினான். உருவினான். ஓடி வந்தான்.

வாசல் படல் திறந்திருந்தது. கயிறு நனைந்து தொங்கியது.

அஞ்சுகம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க நீங்க, அக்காவப் போயி வெளியில நிக்க வச்சுட்டீங்க. பாவம், கை அப்புடி வெறைச்சுப் போயிருக்கு. நாந்தான் எந்திரிச்சுப் போயி அவுத்து விட்டேன்."

"கங்கு குடுத்தியா?"

"எடுத்துக்குங்கன்னேன். கங்கு வேணாம், இது போதும்னு சொல்லிட்டு, பிள்ளைய நெஞ்சோட கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டுக் குடுத்துட்டுப் போனாங்க. போறப்பதான் கொஞ்சம் சிரிச்சாங்க."

பிள்ளையை வாங்கினான். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. உடம்பு வாய்க்கால் களிமண்.

பனைமட்டையை ஒடித்துப் போட்டான். ஊதினான். தணல் சிவந்தது. இன்னும் ஊதினான். சட்டி முழுக்கச் செக்கச்செவேலென்று கனன்றது. அதன்மேல் பிள்ளையைப் பிடித்தான். சூடு வரவில்லை. இறக்கிப் பிடித்தான். வரவில்லை.

திறந்த வாசல் வழியாக, தெற்கே, போலகத்துச் சுடுகாட்டுப் பக்கம் பனி சிவந்துகொண்டிருந்தது. ஏதோ பற்றி எரியும் வாடை காற்றில் வந்தது.

"என்னங்க அது வெளிச்சம்?" என்றாள் அஞ்சுகம்.

அவன் தன் கையைத் தணலுக்குள் விட்டான். மணிக்கட்டுவரை விட்டான். ஆற்று மணலைப் போலச் சில்லென்று இருந்தது.