பன்னிரண்டாம் நம்பர் ஷூ

முதலிபாளையத்தில் இருக்கும் பெரிய பவுலிங் சென்டருக்கு அன்று பத்தாவது பிறந்தநாள். அது வளர்ந்த கதையைச் சுவரில் படங்களாக மாட்டியிருந்தார்கள்.

முதல் படத்தில் பழைய பனியன் கம்பெனி. அடுத்ததில் மெஷின்கள் போன வெறும் ஷெட். அதற்கடுத்து, பந்து உருட்ட வழவழவென்று எட்டு மரப்பாதைகள். கடைசிச் சட்டம் மட்டும் காலி.

“இதுல ஆரும்மா வருவாங்க?” என்று கேட்டாள் மோனிஷா. அவள் அம்மா சித்ரகலாவுக்கு, ஆட வருகிறவர்களுக்கு வாடகை ஷூ கொடுக்கும் கவுண்டரில் வேலை.

“அப்புசாமி ஐயா. பனியன் கம்பெனி நடத்துனவரு. இன்னிக்கு அவரு பந்து உருட்டுவாரு, படம் எடுப்பாங்க.”

ஆனால் அப்புசாமி சோபாவை விட்டு எழவில்லை.

“வருசா வருசம் முட்டி வலின்னே சொல்றீங்களேப்பா! சரி, நானே உருட்டறேன்” என்றார் சென்டரை நடத்தும் மகன் தனபால்.

“உருட்டு” என்றார் அப்புசாமி. அவர் கண் காலிச் சட்டத்தைப் பார்த்தது. பிறகு ஷூ அலமாரியைப் பார்த்தது. முகம் சுளித்தது.

மோனிஷா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “நெசமாவே முட்டி வலிங்களா தாத்தா?”

“எங்கூட்டு மாடிப்படி எறங்கித்தான கண்ணு வந்தேன்?”

“அப்புறம் ஏனுங்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஊர்ல இருக்கற காலெல்லாம் போட்ட ஷூ. எனக்கு ஆகாது. நானே இப்படிச் சொன்னா எம்பையன் கடைக்கு ஆரு வருவாங்க? வெளிய சொல்லீராத.”

“வெறுங்கால்ல உருட்டுங்களேன்.”

“கூடாதுன்னு போர்டு வெச்சவனே எம்பையன்தான்!”

மோனிஷா கவுண்டருக்கு ஓடினாள். “அம்மா, மேல் தட்டுல இருக்கற பன்னெண்டாம் நம்பரை ஆராச்சும் போட்டிருக்காங்களா?”

“அத்தாப் பெரிய காலுக்கு எங்க போறது? பத்து வருசமா தொடச்சுத் தொடச்சு வெக்கறேன்.”

அவள் கொண்டுவந்த அந்த ஜோடியில் அப்புசாமி காலை நுழைத்தார். “என்ன கண்ணு, பரிசலாட்டம் இருக்குது!”

பந்து துடைக்க வாங்கிய பனியன் வேஸ்ட் துணி மூட்டை ஒன்று பிரிக்காமல் கிடந்தது. மோனிஷா அதைப் பிரித்து இரண்டு கை அள்ளி வந்தாள். அவர் ஒரு துண்டை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“நல்ல காட்டன். எந்தக் கம்பெனி?”

“அதை அப்புறம் கேக்கலாமுங்க. காலைத் தூக்குங்க!”

ஷூவின் முனையில் துணியை அடைத்ததும் கால் கச்சிதமாக நின்றது. அப்புசாமி எழுந்தார்.

“அப்பா, முட்டி?” என்றார் தனபால்.

“போயிருச்சு.”

மோனிஷா கூரையைப் பார்த்தாள்.

பந்து மெதுவாகப் போனது. அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். கடைசியில், பாதை முடிவில் நின்ற பத்துக் கட்டைகளில் ஒரே ஒன்று ஆடி, யோசித்து, விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். படமும் எடுத்தார்கள்.

“ஒண்ணுதானுங்களாப்பா?”

“மீதி ஒம்பதும் எங்க ஓடிப் போகுது? நாளைக்கு வர்றேன்” என்ற அப்புசாமி, கவுண்டர் பக்கம் திரும்பினார். “அம்மிணி, இந்த ஜோடிய ஆருக்கும் குடுத்தறாத.”

“கேக்கறதுக்குத்தான் ஆளில்லீங்களே!” என்றாள் சித்ரகலா.