மீன் சுத்தம் செய்யும் பெண்

மேனுஷா மூன்றாவது முறையாக எண்ணினாள். இருபத்தேழு பேர்தான் நின்றார்கள். வகுப்பில் இருபத்தெட்டுப் பேர்!

ஆசிரியையிடம் ஓடினாள்.

"மிஸ், றொசாந்தியைக் காணவில்லை!"

றொசாந்தி யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பள்ளியில் இன்னும் வாயே திறக்கவில்லை. அருங்காட்சியகத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு மேனுஷாவுடையது. ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோதுதான் கையை விட்டாள்.

காவலர்கள் ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஆசிரியையின் முகம் வெளுத்துவிட்டது.

'எதற்காகப் போயிருப்பாள்?' மேனுஷா யோசித்தாள். ஒவ்வொரு சோடியும் ஒரு படத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னதும், றொசாந்தியின் கை சில்லிட்டுப் போனதே!

ஆசிரியையுடன் அடுத்த அறைக்குப் போய்த் தமிழில் கூப்பிட்டாள். "றொசாந்தி! ஒருத்தரும் ஏச மாட்டினம். வா!"

"கத்தாதை. இங்கதான் இருக்கிறன்."

படம் பார்ப்பவர்கள் உட்காரும் பெரிய வாங்குக்குப் பின்னால் றொசாந்தி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை பெருமூச்சு விட்டார்.

"உன்னைக் காணாமல் எனக்கு அழுகையே வந்திட்டுது!" என்றாள் மேனுஷா.

"எல்லாருக்கும் முன்னால இங்கிலிஷ் கதைக்க எனக்கு ஏலாது."

எதிர்ச் சுவரில் ஒரு சிறிய படம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு டச்சு ஓவியர் வரைந்தது. வாசற்படியில் ஒரு பெண் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

றொசாந்தி மெல்லச் சொன்னாள். "பார், கத்தியின்ர முதுகாலதான் செதில் சுரண்டுறா. என்ர அம்மாவும் இங்க வேலை செய்யிற மீன்கடையில இப்பிடித்தான் செய்யிறவ."

"இதையே சொல்லுவம்! நீ தமிழில சொல்லு. நான் இங்கிலிஷில சொல்லுறன்."

"பிழை விட்டால்?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிழை விடுவம்."

வகுப்பு முழுவதும் படத்தின் முன் கூடியது. றொசாந்தி தரையைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல, மேனுஷா ஆங்கிலத்தில் சொன்னாள். திடீரென்று நின்றாள். செதிலுக்கு ஆங்கிலத்தில் என்ன? எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் காது சூடாகியது.

"ஸ்கேல்ஸ்," என்றது பக்கத்தில் ஒரு சின்னக் குரல். "அம்மா இந்தச் சொல்லைக் கடையில படிச்சவ."

பின்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தினான். "கதவுக்குப் பின்னால் ஒரு பூனை நிற்கிறதே, அதற்கு மீன் கிடைத்ததா?"

மேனுஷா தமிழில் சொல்ல வாய் திறப்பதற்குள், றொசாந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"நோ," என்றாள். "க்யாட் வெயிட்டிங்."

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் றொசாந்திதான்.