பச்சை எரிந்தால் உள்ளே போகலாம்

எதிர் வீட்டில் பட்டப்பகலில் திருடு போனது. திருடன் டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ரிமோட்டை மட்டும் விட்டுவிட்டான். எதிர் வீட்டுக்காரர் அந்த ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் காட்டினார். எதற்குக் காட்டுகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

அன்று மாலையே நத்தையின் ஒரு மணி நேரமும் பறிபோயிற்று.

நத்தை என்பது மாமா வைத்த பெயர். முதுகையே மறைக்கும் பையைச் சுமந்துகொண்டு அவள் பள்ளியிலிருந்து மெல்ல மெல்ல வருவதைப் பார்த்து வைத்தது. அவளுக்குப் பத்து வயது. அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நத்தை பள்ளியிலிருந்து வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்மா வருவாள். அதுவரை வீட்டில் அவள் மட்டும்தான்.

அந்த நேரத்தில் அவள் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. தரையில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்ப்பாள். சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, நாற்காலிக் கால்களின் வழியாக வீட்டைப் பார்ப்பாள். "என்ன பண்றே?" என்று கேட்க ஆள் கிடையாது. அதுதான் அதில் விசேஷம்.

இப்போது பள்ளி விட்டதும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போகவேண்டும். அங்கே அவளுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் எந்த வகுப்பு என்று கேட்டார்கள். புதுக் கண்ணாடியை மாட்டியதும் முதலில் அவளைத்தான் உற்றுப் பார்த்தார்கள்.

"எப்பம்மா நான் வீட்டுக்குப் போலாம்?"

"வீட்டுக்குத் திருட்டு அலாரம் வைக்கப் போறோம். வந்ததும் நீ தடுமாறாம அதை அணைச்சேன்னா, அப்புறம் பாக்கலாம்" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "பாக்கலாம்னுதான் சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அலாரம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அம்மாவின் தம்பியான மாமா எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கருவி, மாடிப்படிக்கு ஒரு கேமரா, ஊரே அலறிக்கொண்டு ஓடிவரும்படி ஒரு சைரன் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். இந்த வீட்டில் மாடிப்படி கிடையாது என்று அம்மா ஞாபகப்படுத்தினாள்.

அலாரம் பொருத்துகிற பெண் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து அறைகளை வரைந்தார். கதவிலும் ஜன்னல்களிலும் காந்தம் வைத்தால், திறந்ததும் தெரிந்துவிடும். கூடத்து மூலையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. யாராவது நடமாடினால் அது கண்டுபிடிக்கும். வீட்டுக்காரர்கள் உள்ளே வந்ததும் சுவரிலிருக்கும் எண் பலகையில் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். அதற்கு அரை நிமிடம் அவகாசம். தவறினால் சைரன்.

திருடன் எந்த வழியாக வருவான் என்று மூன்று பேரும் வெகுநேரம் பேசினார்கள். பின்வாசலா, குளியலறை ஜன்னலா? மாமா திருடனுக்காக மிகவும் மூளையைக் கசக்கினார். தினமும் வாசல் கதவை முதலில் திறக்கப்போவது யார் என்ற பேச்சே எழவில்லை. எண் பலகை வரவேண்டிய இடத்தில் அந்தப் பெண் பென்சிலால் குறி போட்டார். அது மாமாவின் மூக்குக்கு நேராக இருந்தது. சனிக்கிழமை துளை போட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நத்தை அந்தக் குறியை அண்ணாந்து பார்த்தாள். எம்பினாள். விரல் நுனிதான் பட்டது.

சோப்பு வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, எண்கள் எழுதி, ஓர் எண் பலகை செய்தாள். தீப்பெட்டிக்கு வெள்ளைத் தாள் சுற்றி மூலையில் ஒட்டினாள்.

"சுவத்துல ஓட்டை போட்டுட்டா மாத்த முடியாது மாமா. முதல்ல அட்டையில வச்சுப் பாத்துடலாம். நீங்கதான் சைரன்."

மாமாவுக்கு இப்படி ஒரு வேலை வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சோபாவில் தயாராக உட்கார்ந்தார்.

முதலில் அம்மா, இரண்டு கையிலும் கடைச் சாமான்களோடு வந்தாள். சாவியை எடுத்து, ஒரு பையை இறக்கி, செருப்பைக் கழற்றி, உருண்டு ஓடிய வெங்காயத்தைத் துரத்துவதற்குள் அரை நிமிடம் போய்விட்டது. மாமா ஊளையிட்டார். திரைச்சீலை காற்றில் ஆடியதற்கும் ஊளையிட்டார். தீப்பெட்டியை வேறு மூலைக்கு மாற்றினார்கள். அட்டைப் பலகையைக் கதவுக்குப் பக்கத்தில், நத்தைக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டினார்கள்.

அப்புறம் நத்தையின் முறை. வெளியே போய், பையோடு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். எண்ணைத் தொடுவதற்குள் அரை நிமிடம் போய்விட்டது. மாமா ஊளையிட்டார்.

மறுபடியும் வந்தாள். மறுபடியும் ஊளை.

"நத்தைக்கு ஒரு முழு நாள் அவகாசம் குடுக்கணும்" என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. அவள் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்திட்டு அப்படியே சாஞ்சு நிக்கறியே. ஏன்?"

அப்படி நிற்பது நத்தைக்கே அப்போதுதான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தாள். தினமும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். எதிர் வீட்டில் திருடு போவதற்கு முன்பும்கூட.

"கேட்டுப் பாப்பேன். உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு."

"பயமா இருக்குமா?"

"கொஞ்ச நேரம்தான். யாரும் இல்லன்னு தெரிஞ்சதும் ரொம்ப நல்லா இருக்கும்."

மாமா எழுந்து போய்த் தீப்பெட்டியை இன்னும் அழுத்தி ஒட்டினார்.

சனிக்கிழமை அலாரம் பொருத்துகிற பெண் வந்தபோது, நத்தை அவரை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கதவை ஒட்டி ஒரு நீளமான நெளிக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே எல்லாம் கலங்கலாகத் தெரியும்.

"அக்கா, நாங்க இல்லாதப்ப யாராச்சும் கதவையோ ஜன்னலையோ திறந்தா அந்த அலாரத்துக்குத் தெரியும்தானே? அதை நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியே சொல்லச் சொல்லுங்க. இங்க நின்னா தெரியற மாதிரி ஒரு லைட்."

அந்தப் பெண் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். முடியும் என்றார். செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு சின்ன விளக்கு. அவர்கள் போன பிறகு எதுவும் திறக்கப்படவில்லை என்றால் பச்சை, ஒரு முறை திறந்திருந்தாலும் சிவப்பு.

"அது திருடனுக்கும் தெரியுமே" என்றார் மாமா.

"பச்சைன்னா என்ன அர்த்தம்னு திருடன்கிட்ட யார் சொல்லப் போறா? நீங்க சொல்லாம இருந்தா போதும்" என்றாள் நத்தை.

அம்மா கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. "சிவப்பா எரிஞ்சா?"

"கதவையே தொடமாட்டேன். திரும்பி நேரா உன் கடைக்கு வந்துடுவேன். முக்காலி இருக்கே."

அம்மா நெளிக் கண்ணாடியில் கண்ணை ஒட்டி, செருப்பு அலமாரி தெரிகிறதா என்று பார்த்தாள். பிறகு, அட்டைப் பலகை இருக்கிற உயரத்திலேயே துளை போடும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னாள். தான் குனிய வேண்டியிருக்கும் என்று மாமா முனகினார்.

திங்கட்கிழமை நத்தை பள்ளியிலிருந்து தெருவில் மெல்ல நடந்து வந்தாள். எதிர் வீட்டுக்காரர் புது டிவி வாங்கியிருந்தார். இப்போது அவரிடம் இரண்டு ரிமோட்.

நெளிக் கண்ணாடிக்குள் பச்சை எரிந்தது, தண்ணீருக்குள் விழுந்த பட்டாணி போல. கதவைத் திறந்தாள். எண்ணை அழுத்தினாள். சைரன் பேசாமல் இருந்தது. பையை இறக்கிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள்.

வீட்டு ஃபோன் அடித்தது. அம்மாதான்.

"வந்துட்டியா? பச்சையா?"

"பச்சைதான்."

"என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

அந்தப் பக்கம் யாரோ கண்ணாடியின் விலை கேட்பது காதில் விழுந்தது.

"சரி" என்றாள் அம்மா. "அதையே பண்ணு."