தெக்லாவின் ஜன்னல்

ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. யாரோ வாயைக் கிட்டே வைத்து ஊதினாற்போல, உள்ளங்கை அகலத்துக்கு. ஓவியர் ஆல்வின் நின்றதோ அறையின் மறுகோடியில். அவரையும் கட்டிலில் கிடந்த தெக்லாவையும் தவிர அங்கே யாரும் இல்லை. தெக்லா நேற்றே இறந்துவிட்டாள்.

ஆல்வினுக்கு மலையும் மேகமும் வரையத்தான் ஆசை. ஆனால் டிரெஸ்டன் நகரத்தில் மேகத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் ஏது? முகங்கள்தான் அவர் வயிற்றை நிரப்பின. அதிலும் செத்தவர்கள் தேவலை, அசையமாட்டார்கள் என்று நண்பர்களிடம் கிண்டலடிப்பார். தெக்லாவின் இந்த ஒரு படம் முடிந்தால் ரோமுக்குக் கிளம்பிவிடலாம். அப்புறம் முகமே வேண்டாம்.

தெக்லாவின் புருஷன், மாவு மில் முதலாளி பென்னோ, சற்றுமுன் கீழே போகும்போது ஒன்றுதான் சொன்னார். "ஜன்னலை மட்டும் சாத்திடாதீங்க. அவ உயிரு இன்னும் வெளிய போகல."

ஆல்வின் தலையாட்டினார். பென்னோ படி இறங்கியதும் சாத்தினார். பனிக்காற்றில் விரல் விறைத்தால் எப்படி வரைவது?

ஆவியைத் துடைத்துவிட்டு வந்து தூரிகையை எடுத்தார். இப்போது அடுத்த கண்ணாடியில் படிந்திருந்தது; வண்ணம் குழைக்கும் ஆளி எண்ணெய் வாசனையும் மெழுகுவர்த்திப் புகையும் அடைந்துகிடந்த அந்த அறையில் யாரோ வெளியேற வழி தேடி ஒவ்வொரு கண்ணாடியாக முட்டிப் பார்ப்பதுபோல. ஓடிப்போய்க் கொக்கியை இழுத்தார். சட்டம் பனியில் இறுகியிருந்தது. அசையவில்லை. கதவு கட்டிலுக்கு அந்தப் பக்கம். பிணத்தைத் தாண்டிப் போக அவர் துணியவில்லை.

வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கியில் ஆவி. பிறகு தண்ணீர்க் குவளையில். நெருங்கி வந்தது.

அவருடைய மூக்குக்கண்ணாடியில். வெளிப்பக்கம்.

அலறினார். திறந்த வாய்க்குள் ஏதோ சில்லென்று இறங்கியது.

சத்தம் கேட்டு பென்னோ ஓடிவந்தார். மூடிய ஜன்னலைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. யார் சாத்தியது என்று அதட்டினார்.

என்னை வெளியே இழுத்துப் போங்கள் என்று கெஞ்சத்தான் ஆல்வின் நினைத்தார். உதடுகள் அசைந்தன. குரல் அவருடையது இல்லை.

"ஏங்க... குளிருதுங்க."

பென்னோ அப்படியே நின்றார். கண் நிறைந்தது. கதவைச் சாத்தித் தாழிட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிணத்தின் மேல் கிடந்த கம்பளிச் சால்வையை உருவி வந்து ஆல்வினின் தோளில் போர்த்தினார்.

"இனிமே நீ எங்கயும் போக வேணாம்."

உள்ளுக்குள் ஆல்வின் கத்திக்கொண்டே இருந்தார். அவர் வாய் பென்னோவைப் பார்த்துச் சிரித்தது.